அவசரம் உண்டோ?

1954, ஆடிச் சாரல். போடிமெட்டு மலைப்பாதையில் ஒன்றிரண்டு வளைவு தவிர வண்டிக்கு வண்டி விலக இடம் கிடையாது. கீழே முந்தல் கேட்டில் காவல் உக்கிரபாண்டி. மேலே மெட்டுக் கேட்டில் புதிதாக வந்த மலையாளி மத்தாயி. ஒருவர் விட்ட வண்டி போய்ச் சேர்ந்த பிறகே மற்றவர் விடவேண்டும். பேச்செல்லாம் டெலிபோனில்.

அன்று காலை அரிசி லோடு லாரியை உக்கிரபாண்டி மேலே விட்டான். டிரைவர் பக்கத்தில் உக்கிரபாண்டியின் பெண்டாட்டி செல்லத்தாய். ஏலத்தோட்டத்தில் ஒருத்திக்கு இடுப்புவலி, இவள்தான் மருத்துவச்சி. மத்தாயிக்குத் தகவல் சொல்லப் போனில் கை வைத்தான். அதுவே அடித்தது.

“ஒரு ஜீப்பு எறங்ஙான் உண்டு. அவசரம் உண்டோ?”

பிரசவ விசயம் அதற்குள் மலையேறிவிட்டதே என்று நினைத்தான் உக்கிரபாண்டி. “தலைபோற அவசரம்ப்பா!”

“செரி.”

பத்து நிமிடத்தில் மறுபடி மணி. “ஜீப்பு விட்டு. எழுதிக்கோ.”

“எந்த ஜீப்பு? லாரி ஏறிக்கிட்டிருக்குய்யா!”

“நிங்ஙளல்லே பறஞ்ஞது, அவசரம் உண்டென்னு?”

உக்கிரபாண்டிக்கு அப்போதுதான் உறைத்தது. போடிச் சந்தையில் மலையாளத்தாரோடு ஏலக்காய்க்கு மல்லுக்கட்டியவன் அவன். அவர்கள் வாயில் அவசரம் என்றால் வாய்ப்பு. வழி இருக்கிறதா என்று கேட்டவனிடம், தலைபோகிற அளவுக்கு இருக்கிறது என்று சொல்லியிருக்கிறான்!

மலையெல்லாம் மூடுபனி. ஜீப்புக்காரன்களோ பெட்ரோல் மிச்சம் பிடிக்க, இறக்கத்தில் எஞ்சினை அணைத்துச் சத்தமில்லாமல் உருட்டுகிறவர்கள்.

“மத்தாயி, குறுக்குப்பாதையில ஓடு! ஜீப்புக்கு அஞ்சு வளைவு, ஒனக்கு ஒரே சறுக்கல்.”

“கேட்டை விட்டுப் போயால் என்றெ பணி போகும்.”

“போனா என் சோலிய எடுத்துக்க. நான்தான் போகச் சொன்னேன்னு எழுதித் தர்றேன்.”

“சத்தியம்?”

“யோவ், வெரசா ஓடுய்யா! லாரியில இருக்கிறது என் பெண்டாட்டி!”

போன் தடாலென்று விழுந்தது. பிறகு காற்றின் இரைச்சல் மட்டும். உக்கிரபாண்டி போனிலிருந்து காதை எடுக்கவில்லை. வெளியே காத்திருந்த பஸ்சு டிரைவர், “அண்ணே, தூங்கிட்டீகளா?” என்று ஹாரன் அடித்தான்.

“அடிச்சே, கைய முறிச்சிருவேன்!”

அரைமணி ஓடியது. கடைசியில் யாரோ போனை எடுத்தார்கள்.

“ஏங்க, நாங்க ஏறிட்டோம்.” செல்லத்தாய்தான். “இங்க கேட்டுல ஒரு ஆளில்ல, போன் தொங்குது. அந்த மத்தாயி அங்க ஒரு வளைவுல ஜீப்ப ஓரங்கட்டி வச்சு, முட்டியெல்லாம் ரத்தத்தோட எங்க லாரிக்குக் கும்பிடு போடுறாரு. அவுக ஊரு ஆளுகளுக்கு என்னா மரியாதைங்கிறீங்க!”

“ஆமா, மரியாதைதான்,” என்றான் உக்கிரபாண்டி. “நீ போய் அந்தப் புள்ளயப் பாரு.”

போனை வைத்துவிட்டு ஒரு தாளை எடுத்தான். ‘மத்தாயியைக் கேட்டை விட்டுப் போகச் சொன்னது நான்தான்’ என்று எழுத ஆரம்பித்தான்.