இடப்பக்கம் காட்டிய அம்பு

அப்பாவைக் கீழே கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். வண்டி வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. மகள் மாடியறையில், பொம்மை ரயில் ஓடும் பெரிய மேசையை அவசரமாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். நாலு பேர் ஏறி வந்து பார்ப்பார்கள். அப்பா அதில் செய்து வைத்திருந்த குட்டி ஊர் தூசியோடு கிடக்கக் கூடாது. துணி பட்டு ஒரு குட்டிச் சாலைப் பலகை சாய்ந்ததை அவள் கவனிக்கவில்லை.

அப்பா பஸ் ஓட்டத் தொடங்கிய வருஷத்தில், ஒரு குறிப்பிட்ட நாளில் ஊர் எப்படி இருந்ததோ அப்படியே அது. தேதியை மேசை விளிம்பிலேயே எழுதியிருந்தார். தீக்குச்சிக் கால்களில் நாற்பத்தொரு சாலைப் பலகைகள், எல்லாம் அன்றைய நிறத்தில், அன்றைய எழுத்தில்.

முதலில் வந்த பொம்மை ரயில் மன்றத் தலைவரின் கண் நேரே பாலத்து வளைவுக்குப் போனது. சாலை வலப்பக்கம் திரும்ப, பலகையின் அம்பு இடப்பக்கம் காட்டியது.

"இது ஒண்ணாலதாம்மா மூணு தடவையும் போட்டியில பரிசு போச்சு. மாத்துங்கன்னு தலைகீழா நின்னு பாத்தேன்."

"அன்னைக்கு அப்படித்தான் இருந்துச்சும்பாரு அப்பா."

"எப்படி இருக்கும்னு கேட்டா வாயே திறக்க மாட்டாரே!"

இழவு வீட்டிலும் இந்த மனுஷனுக்கு அம்புதான் பெரிசு. அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் அப்பாவுக்கு வீண் பிடிவாதம் என்றுதான் அவளும் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

அப்பாவின் சிநேகிதர், சாலைத் துறையில் பெயின்டராக இருந்தவர், மூச்சு வாங்க உள்ளே வந்தார். முழங்கால் வலிக்காரர், இந்த மாடிக்கு ஏறியதே இல்லை. வளைவுப் பக்கம் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு விளிம்பில் இருந்த தேதியைப் படித்தார்.

"இது நான் அடிச்ச பலகை."

அவர் மகளின் பக்கம் திரும்பினார்.

"அம்பு வெட்டுன அச்சுத் தகட்டைப் புரட்டி வச்சு பெயின்ட் அடிச்சுட்டேன். ஒன்பது நாள் அப்படியே நின்னுச்சு. பஸ்ஸுல போறப்ப உங்கப்பா பாத்துட்டாரு. ஆபீசுக்குப் போகல, நேரா எங்கிட்ட வந்தாரு. கொட்டுற மழையில ரெண்டு பேருமாப் போய் மாத்துனோம். தெரிஞ்சிருந்தா என் வேலை போயிருக்கும்மா. யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்னாரு."

மகளுக்கு அழுகையும் வந்தது, தலையும் நிமிர்ந்தது. மூணு கோப்பையும் போனால் போகட்டும். எங்கப்பா தான் பார்த்ததையும் மாற்றவில்லை, கொடுத்த வாக்கையும் மாற்றவில்லை.

கீழே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. எல்லோரும் படிக்கட்டுக்கு நகர்ந்தார்கள். தலைவர் மட்டும் திரும்பி வந்து, சாய்ந்திருந்த அந்தப் பலகையைச் சுண்டுவிரலால் நிமிர்த்தி வைத்தார், அம்பு இடப்பக்கமே இருக்கும்படி.