முப்பத்தொரு பேருக்கான காடு

1

இந்தக் கதை ஒரு நிவாரணப் படிவத்தில் பிறந்தது. ஆட்களை எண்ணுவது என் வேலை. சுனாமி வந்து மூன்றாம் வாரம், வாகரைக்கு அப்பால் ஒரு வேடர் குடியிருப்புக்குப் போனேன்.

முதலில் 'கடல் ஒரு மிருகத்தைப் போல' என்று தொடங்கி— [வேண்டாம். நான் அந்தக் கடலைப் பார்க்கவில்லை. மிஞ்சிய ஆட்களைத்தான் பார்த்தேன்.]

2

கண்ணகை என்ற பெண் பேர்களைச் சொன்னாள். முப்பத்தொரு பேர். ஆனால் அங்கே இருந்தது பத்தொன்பது பேர்தான். கரைவலை இழுக்கப் போன பன்னிரண்டு பேரைக் கடல் கொண்டுபோயிருந்தது. அதில் அவளுடைய புருஷனும் இரண்டு ஆண் பிள்ளைகளும்.

"செத்தவங்கள எழுதேலாது அக்கா."

"அவங்க போகல்ல தம்பி. கிழங்கு தோண்ட வாறாங்க. இந்தக் காடு முப்பத்தொரு பேருக்குத்தான் தின்னக் குடுக்கும். ஆள் கூடினா ஆராவது வேற காட்டுக்குப் போகோணும். அதுதான் எங்கட முறை."

இரக்கப்பட்டு முப்பத்தொன்று என்றே எழுதினேன். (இரக்கம்தானா? குடிசைகளுக்குப் பின்னால், வள்ளிக்கிழங்கு தோண்டிய ஈரக் குழிகளை வரும்போதே எண்ணியிருந்தேன். ஆளுக்கொரு குழி என்பார்கள். முப்பத்தொன்று இருந்தன.)

அடுத்த மாதம் போனபோது முப்பத்தொரு பேரின் அரிசியும் முடிந்திருந்தது. பத்தொன்பது பேரும் மெலிந்தே இருந்தார்கள்.

3

இந்த இடத்தில் கண்ணகை அரிசியை விற்றிருப்பாள் என்று ஒரு பத்தி எழுதி, அடித்துவிட்டேன். அவள் முகத்தைப் பார்த்தவனால் அதை எழுத முடியாது.

பிறகு சண்டை அவர்களை முகாம்களுக்குத் துரத்தியது. யுத்தம் முடிந்த வருஷம், பழைய பட்டியலோடு மறுபடி எண்ணப் போனேன். பத்தொன்பது பேரும் திரும்பியிருந்தார்கள். கண்ணகையின் தங்கை மேனுகாவுக்குக் குழந்தை பிறந்து ஆறு நாள். பால் சுரக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தும் பயனில்லை. குழந்தைக்கு அழவும் தெம்பில்லை.

"இது முப்பத்திரண்டாவது ஆள்," என்றாள் கண்ணகை. "ஒரு பேர வெட்டுங்க தம்பி."

"ஆர்ர பேர?"

அவள் காட்டைப் பார்த்தாள். மரங்களுக்கிடையே தோண்டுகோல் மண்ணில் குத்தும் சத்தம் கேட்டது. பத்தொன்பது பேரும் என் கண்முன்னால்தான் நின்றார்கள்.

என் காதருகே வந்து ஒரு பேரைச் சொன்னாள். வெட்டினேன். சத்தம் நின்றது.

4

அன்று பின்னேரம் மேனுகாவுக்குப் பால் சுரந்தது.

அது யாருடைய பேர் என்று சொல்லிவிடும் மூன்று முடிவுகள் எழுதினேன். மூன்றையும் கிழித்துவிட்டேன். நான் புறப்படும்போது கண்ணகை கேட்டது மட்டும் மிச்சம்:

"அவனுக்குத் தனியக் கிழங்கு தோண்டத் தெரியாதே தம்பி. இனி எங்க போய்ச் சாப்பிடுவான்?"

அதற்கு நான்—

[இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. நீங்கள் என்றால் அவளுக்கு என்ன சொல்லியிருப்பீர்கள்?]