கூடத்துச் சுவரின் நான்கு துளைகள்

கூடத்துச் சுவரில் நான்கு துளைகள் இருந்தன. வெண்மதி போட்டவை. புத்தக அலமாரி மாட்ட விழிதியூரிலிருந்து தம்பியின் டிரில் மிஷினை வாங்கி வந்து, உப்பு பூத்த பூச்சைத் தாண்டிச் செங்கல் சிவப்பாகக் கொட்டும்வரை இறக்கி, பிளாஸ்டிக் பிளக்கும் அடித்து வைத்திருந்தாள். அப்போது அவளுக்கு மூன்றாம் மாதம். பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் சுவரில் ஆணிகூட அடிக்கக் கூடாது என்று மாமியார் கல்யாணசுந்தரி தடுத்தாள். நான் பி.எஸ்சி. விலங்கியல் படித்தவள் அத்தை என்று வெண்மதி சிரித்தாள். அடுத்த வாரம் கரு கலைந்தது.

அலமாரி ஏறவேயில்லை. துளைகளை அடைக்கவும் மாமியார் விடவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் காப்பித் தம்ளரைக் கையில் வாங்கியதும் சுவரைக் காட்டுவாள். "படிச்ச பொண்ணு. எம் பேரன் தலையில போட்ட ஓட்டை அது." பூவத்திலிருந்து வந்த சொந்தக்காரி ஒருத்தி எழுந்துபோய் விரலால் தடவியே பார்த்தாள். கணவன் கலைவாணன் போனில் முகத்தைப் புதைத்துக்கொள்வான். டாக்டர் சொன்ன காரணத்தை வெண்மதி எல்லோரிடமும் சொல்லிப் பார்த்தாள். ஒருவர் காதிலும் ஏறவில்லை. அது உன்னால் இல்லை என்று யாராவது ஒருத்தர் சொல்லிவிட்டால் போதும் என்று கிடந்தாள்.

இந்த வைகாசியில் நாத்தனார் தாமரைச்செல்வி பிரசவத்துக்கு வந்தாள். புழுக்கம் தாங்கவில்லை என்றாள். மறுநாளே ஏசி வந்து இறங்கியது.

"இப்ப மட்டும் சுவத்துல ஓட்டை போடலாமா அத்தை?"

"அவளப் பக்கத்து வீட்டுல ஒக்கார வச்சிருக்கேன். ஆளு இல்லாதப்பப் போட்டா ஒண்ணும் பண்ணாது. நீ போயி மொறத்தப் புடி, தூசி விழுது."

பிடித்தாள். ஏசி மாட்ட வந்த அஜ்மீர் குடையக் குடைய முறத்தில் சிவப்புப் பொடி குவிந்தது. ஆங்கர் போல்ட்டுகள் உள்ளே போய் இறுகின. அதே வீடு, அதே செங்கல்.

அஜ்மீர் குழாய் இணைக்க வெளியே ஏணியில் ஏறியதும் தாமரைச்செல்வி திரும்பிவந்து கூடத்து நாற்காலியில் சாய்ந்தாள். மாமியார் வெள்ளை சிமெண்டைக் கிண்ணத்தில் குழைத்துக்கொண்டு வந்து வெண்மதியிடம் நீட்டினாள். ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டார் வருகிறார்கள், அந்த நாலையும் அடைத்துவிடு, நல்லதுக்கு வருகிறவர்கள் கண்ணில் அது பட வேண்டாம் என்றாள்.

வெண்மதி கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். பக்கத்தில் அஜ்மீரின் டிரில் மிஷின் ஒயரோடு கிடந்தது. எடுத்தாள்.

"என்ன பண்றீங்க அண்ணி?"

"அலமாரி மாட்டப்போறேன்."

பழைய துளைகளுக்குக் கீழே வைத்து அழுத்தினாள். சுவர் அலறியது. தாமரைச்செல்வி இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு எழப் பார்த்தாள், முடியவில்லை. கல்யாணசுந்தரி ஓடிவந்து மருமகளின் காலைப் பிடித்தாள்.

"வேணாம்மா. நான் சொன்னதெல்லாம் தப்பு. அது ஒன்னால இல்ல. ஒன்னால இல்லம்மா."

இந்த வார்த்தைக்குத்தான் வெண்மதி இத்தனை நாள் கிடந்தாள். வந்துவிட்டது. கையை எடுக்கவில்லை. சுவரில் ஓட்டை போடுவதால் எந்தப் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகாது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், செங்கல் பொடி புறங்கையில் சூடாகக் கொட்டக் கொட்ட, ஆகட்டும் என்று நினைத்தாள்.