எலுமிச்சை சேர்க்காத ஆப்பிள் கூழ்

மூன்றாவது தடவையாக ஆப்பிளுக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தார் அக்பர் பாஷா. முதல் தடவை குக்கரில் ஏழு விசில் விட்டதில் ஆப்பிள் இருந்த இடமே தெரியாமல் தண்ணீராகிவிட்டது. இரண்டாவது தடவை பதமாகத்தான் வந்தது. நிறம் கறுக்கக் கூடாதென்று அரை மூடி எலுமிச்சையைப் பிழிந்துவிட்டார். கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் பேக்டரியில் முப்பத்தோரு வருஷம் கொதிகலன் பார்த்த கை அது. புளிப்புச் சேர்க்காத கூழ் டின்னுக்குள் போய் அது பார்த்ததில்லை. புற்றுநோய்க்குக் கரண்ட் வைத்து வெந்துபோயிருந்த மனைவி வஜிஹாவின் தொண்டையில் எலுமிச்சை பட்டபோது அவள் கத்தவில்லை. கத்துவதற்குக் குரல் இல்லை. கண்ணில் நீர் வழிய வாயை மூடியவள், நேற்று மதியத்திலிருந்து தண்ணீரைத் தவிர எதற்கும் திறக்கவில்லை.

நாளைக்குப் பெங்களூர் ஆஸ்பத்திரியில் எடை பார்ப்பார்கள். இன்னும் ஒரு கிலோ இறங்கியிருந்தால் மூக்கு வழியாக டியூப் என்று நர்ஸ் ரேவதி சொல்லியிருந்தாள். தன் அக்காவை டியூபோடு மூன்று மாதம் பார்த்தவள் வஜிஹா. "அது மட்டும் வேணாங்க" என்று காற்றாக வந்த குரலில் அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். நர்ஸ் இன்னொன்றும் சொன்னாள். வாயில் சாப்பாடு இருக்கும்போது அம்மா சிரிக்கக் கூடாது, புரையேறினால் நுரையீரலுக்குப் போய்விடும். சொல்லும்போது அவள் வஜிஹாவைப் பார்க்கவில்லை, அக்பர் பாஷாவைத்தான் பார்த்தாள். கதை விட்டுச் சிரிக்கவைக்கிற ஆள் என்று அரை மணி நேரப் பழக்கத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

சீவியதைத் துண்டு போட்டு, இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் விட்டு, தட்டு மூடி அடுப்பைச் சிறிதாக வைத்தார். பேக்டரியில் மணிக்குப் பத்து டன். இங்கே நாலு ஆப்பிள். பத்து டன்னுக்கு இவ்வளவு வலித்ததில்லை முதுகு.

பக்கத்து வீட்டு மங்கம்மா ஜன்னலில் தலையை நீட்டினாள்.

"இன்னா பாய், ஒரு கிண்ணம் கூழுக்கு ரெண்டு நாளா? பேக்டரிலயும் இப்டித்தான் வேல பாத்தியா?"

"அங்க மாங்கா தானே தோல உரிச்சுக்கினு தண்ணில குதிச்சிடும் மங்கம்மா. நாங்க நின்னு பாத்துக்கினு இருப்போம்."

"ஆமா, யானையும் கூட நின்னு பாத்துதாக்கும்."

அவர் விடும் கதைகளில் வருகிற அந்த யானையைத் தெருவுக்கே தெரியும். சூளகிரிக் காட்டிலிருந்து சீசன் தவறாமல் வந்து, கேட்டில் வரிசையில் நின்று, மாங்கூடை இறக்கிக் கொடுத்த யானை. அதற்கு அடையாள அட்டை போட்டார்கள், பி.எஃப். பிடித்தார்கள், ஐம்பத்தெட்டு வயதில் ரிட்டயர் செய்து சால்வை போர்த்தினார்கள், சால்வைதான் பத்தவில்லை. வஜிஹா முப்பத்துநாலு வருஷமாகக் கேட்கிறாள். ஒருநாளும் நம்பியதில்லை. ஒருநாளும் கேட்காமல் சாப்பிட்டதுமில்லை.

வெந்ததை மத்தால் மசித்து, டீ வடிகட்டியில் தேய்த்து இறக்கினார். கூழ் பழுப்பாகத்தான் இருந்தது. இருக்கட்டும். ஆறவைத்து, தன் நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டு போனார்.

வஜிஹா கிண்ணத்தை மோந்து பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

"எலுமிச்ச இல்ல" என்றார்.

வாயைத் திறந்தாள். அரை ஸ்பூன் உள்ளே போனது. விழுங்கவில்லை. கன்னத்தில் அடக்கிக்கொண்டு அவரையே பார்த்தாள். பிறகு கையை மூக்குக்கு நேரே தூக்கி, தும்பிக்கை மாதிரி மெல்ல ஆட்டினாள்.

"யானை லீவு" என்றார், யோசிக்காமல்.

அவள் தோள் குலுங்கியது. அக்பர் பாஷாவுக்கு உயிரே போய்விட்டது. "ஐயோ, இல்ல, இல்ல" என்று அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டார். குலுக்கல் அடங்கியது. கூழ் இன்னும் கன்னத்திலேயே இருந்தது. ஏதாவது சொல்லாமல் அது இறங்காது. சிரிக்கிற மாதிரி சொன்னால் தப்பான வழியில் இறங்கும். சிரிப்பு வராத ஒன்றைத் தேடினார். உள்ளே இருந்ததெல்லாம் யானையும் அதன் சொந்தக்காரர்களும்தான். எல்லாரையும் ஒதுக்கிப் பார்த்தபோது, கடைசியில் நிஜமான ஒன்று மட்டும் உட்கார்ந்திருந்தது. அதைச் சொல்லாமல் வைத்துக்கொள்ள அவருக்கு இனிமேல் தெம்பில்லை.

"வெள்ளிக்கிழம நர்ஸ் ஒரு பேப்பர் நீட்னாங்க" என்றார். "டியூபுக்கு. நீ தூங்கினு இருந்த. நான் கையெழுத்து போட்டுட்டேன் வஜிஹா."

வெளியே சிப்காட் பஸ் ஒன்று ஷிப்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

வஜிஹாவின் தொண்டை மேலே ஏறியது. நின்றது. கண்ணை இறுக்கிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, இறக்கினாள். இருமல் வரவில்லை. கண்ணைத் திறந்து அவரை ஒரு தரம் பார்த்தாள். பின் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அவர் ஸ்பூனைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, திரும்பிப் பார்க்காமலே, அவள் கை மட்டும் முதுகுக்குப் பின்னால் நீண்டு வந்தது. உள்ளங்கை மேலே பார்த்து விரிந்திருந்தது. ஸ்பூனைக் கேட்கிறதா, அந்தப் பேப்பரைக் கேட்கிறதா என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது. வளையல் முழங்கை வரை சரிந்துபோன அந்தக் கை இறங்காமல் நின்றது.