ஒரே கேசட், இரண்டு பெட்டிகள்

எண்பத்து மூன்றில், கல்யாணமான நாற்பதாம் நாள் சவரிராயன் மஸ்கட்டுக்கு விமானம் ஏறினான். ஆறு மாதம் கழித்து, கைக்கு அடக்கமான ஒரு கறுப்பு டேப்ரெக்கார்டரை அனுப்பி வைத்தான். அதன் பிறகு ஆரோக்கிய செல்விக்குப் புருஷன் என்றால் அந்தப் பெட்டிதான்.

வில்லியனூர் பக்கத்து வீடுகளில் அப்போது கடிதம் எழுதுவது குறைந்து, கேசட்டில் பேசி அனுப்புவது வழக்கமாகியிருந்தது. ஒரே கேசட்தான் போய்ப்போய் வரும். அவன் பேசியதை வீடே கூடிக் கேட்கும். பிறகு அதன் மேலேயே இவர்கள் பேசி, மஸ்கட்டுக்குப் போகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவார்கள்.

செல்வியின் மாமியார் அல்போன்சா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள் என்று சவரிராயனுக்குத் தெரியும். அதனால் ஆசையாக ஒரு வார்த்தை பேசமாட்டான். ஆனால் “செல்வி...” என்று கூப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவான். பிறகுதான் “அம்மாவ நல்லா பாத்துக்க” என்பான். அந்த நிறுத்தம் தனக்கு மட்டும் வருவது என்று செல்வி வைத்துக்கொண்டிருந்தாள். இத்தனை மாதமும் அவளை நடத்திப் போனது அதுதான்.

இந்த முறை, மஸ்கட்டிலிருந்து லீவில் வந்த ஊர்க்காரன் அருள்சாமி கேசட்டோடு ஒரு புதுப் பெட்டியையும் கொண்டுவந்து கொடுத்தான். அதே கம்பெனி, அதே நிறம். அடியில் இருந்த மாடல் நம்பருக்குப் பின்னால் ஓர் எழுத்து மட்டும் கூடியிருந்தது.

“பழசு இழுக்குது செல்வி. எனக்கொண்ணு, ஒனக்கொண்ணுன்னு ஒரே மாதிரி ரெண்டு புதுசு வாங்கிட்டேன்” என்றது கேசட்டில் சவரிராயனின் குரல்.

அல்போன்சா முகத்தைச் சுளித்தாள். “இன்னாடி இது, தகர டப்பாவுல பேசுற மாதிரி கீது? பழசுலயே போடு. அதுலதான் எம்புள்ள கொரலு கணீர்னு இருக்கும்.”

பழையதில் போட்டாள். குரல் கனத்து, நிதானமாக வந்தது. கிழவிக்குத் திருப்தி.

செல்விக்கு மட்டும் புதியதில் வேறு ஏதோ சத்தமும் கேட்டதுபோல இருந்தது. மறுநாள் மாமியார் பூசைக்குப் போனதும் புதியதைக் காதோடு வைத்துக் கேட்டாள். “செல்வி...” அந்த நிறுத்தம் வந்தது. ஆனால் அது வெறுமையாக இல்லை. உள்ளே மூச்சு இழுத்தது. நெஞ்சில் சளி கட்டினவன் படியேறி வந்ததுபோல ஒரு கரகரப்பு. பிறகு ‘டக்’கென்று பொத்தானை அமுக்குகிற சத்தம். ஒவ்வொரு நிறுத்தத்துக்குப் பின்னாலும் அதே ‘டக்’. நிறுத்தி, இருமிவிட்டு, மறுபடி பேசியிருக்கிறான்.

அவளுடைய மாமனார் இருமி இருமியே போனவர்.

அருள்சாமியிடம் ஓடினாள். “நான் வேற கேம்ப்பு தங்கச்சி. அவனப் பாத்து நாலு மாசமாவுது. கைமாறித்தான் எங்கிட்ட வந்துச்சு” என்றான் அவன்.

புதுப் பெட்டி பழுதாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே, இரண்டையும் கேசட்டையும் பையில் போட்டுக்கொண்டு மதகடிப்பட்டுக்கு பஸ் ஏறினாள்.

ரேடியோ ரிப்பேர் கடை சிங்காரவேலு சிரித்தார். “எல்லாரும் பழசத்தான் ரிப்பேருக்குக் கொண்டாருவாங்க. நீ இன்னாம்மா, பெட்டி பிரிச்ச கையோட புதுசக் கொண்டாந்துக்கிற!”

“அதுல கரகரன்னு கேக்குதுண்ணே. பழசுல இல்ல.”

இரண்டிலும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் சிரிப்பு நின்றது.

“பழசுல மோட்டார் தளந்துபோச்சு, அதான் கொரலு கனமா வருது. நாடாவப் படிக்கிற ஹெட்டும் தேஞ்சிருக்கு, மெல்லிசா கேக்குறதெல்லாம் முழுங்கிடுது. அவரும் இதே மாதிரி புதுசுலதான் பேசியிருக்காரு, இதுல மைக்க மாத்திட்டான்மா. பேச்சு நின்னுதுன்னா, சுத்தி இருக்குற சின்னச் சத்தத்தக்கூட இழுத்துக்கும்.”

“அப்ப எதுண்ணே அவரு கொரலு?”

அவர் ஸ்குரூ டிரைவரை மேசைமேல் உருட்டினார். “புதுசுதாம்மா.”

“எப்பத்துலேர்ந்து இப்பிடின்னு முந்தி வந்ததுல கேட்டா தெரியுமா?”

“கொண்டா, போட்டுப் பாக்கலாம்.”

முந்தியது எங்கே இருக்கிறது? மாடு கன்று போட்டதையும், அபிஷேகப்பாக்கத்தில் நடவு முடிந்ததையும் சொல்லிச் சொல்லி அவளே அவன் மூச்சையெல்லாம் அழித்திருந்தாள்.

“இத அழிக்காம வெக்க வழி இருக்குதாண்ணே?”

கேசட்டின் முதுகிலிருந்த இரண்டு சின்னப் பிளாஸ்டிக் காதுகளையும் சிங்காரவேலு நெம்பி உடைத்தார். “இனிமே இதும்மேல யாரும் பேச முடியாது.” பதில் பேச ஒரு புதுக் கேசட்டும் எடுத்துக் கொடுத்தார்.

அருள்சாமி வெள்ளிக்கிழமை கிளம்புகிறான். முந்தின நாள் மத்தியானம் புதுப் பெட்டியை நடுவில் வைத்து, மாமியாரும் மருமகளும் உட்கார்ந்தார்கள். அல்போன்சா கோழி, கோயில், கொடியேற்றம் என்று அரை மணி பேசினாள். “ஒடம்பு நல்லாதான கீது ராசா? ஒங்கப்பன் மாதிரி இளைச்சிப் பூடாத” என்று சொல்லும்போது மட்டும் குரல் உடைந்தது. பிறகு பெட்டியை மருமகள் பக்கம் தள்ளினாள்.

செல்வி வாயருகே பெட்டியைப் பிடித்தாள். எத்தனை நாளாக இருமுகிறீர்கள், டாக்டரிடம் போனீர்களா, வந்துவிடுங்கள். மூன்றும் தொண்டைவரை வந்தன. எதிரே அல்போன்சா கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னங்க...” என்றாள். நாடா சுற்றிக்கொண்டே இருந்தது.

“இன்னாடி, பேசுடி. சும்மா ஓடுது பாரு, வீணா!”

“ஓடட்டும் அத்த.”

அவனிடமும் இதே புதுப் பெட்டிதான் இருக்கிறது; மெல்லிய மூச்சுகூட அவனுக்குக் கேட்கும். முந்தானையை வாயில் வைக்காமல், மூக்கை உறிஞ்சாமல், மூச்சை மட்டும் விட்டாள். பிறகு, “இங்க எல்லாரும் நல்லா இருக்கோம்” என்று சொல்லிப் பொத்தானை அமுக்கினாள்.

‘டக்.’