முழுக்கைச் சட்டை

சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுத்தான் அவள் பன்றி விலாவை எடுத்தாள். எலும்புப் பக்கம் ஒட்டியிருந்த மெல்லிய சவ்வை உரித்தாள். உப்பும் மிளகாய்த்தூளும் சர்க்கரையும் தேய்த்து, அலுமினியத் தாளில் இறுக்கிச் சுற்றி ஓவனுக்குள் வைத்தாள். குறைந்த சூட்டில் மத்தியானம் முழுக்க வேக வேண்டும்.

முன்பெல்லாம் இது கணவனின் வேலை. வீட்டுக்குப் பின்னால், பாதியாக வெட்டிய இரும்புப் பீப்பாயில் கரி மூட்டி, ஞாயிறு முழுக்கப் புகையில் வாட்டுவான். அவன் வேலை பார்த்த கிடங்கு தீப்பிடித்த நாளிலிருந்து பீப்பாய் கவிழ்ந்தே கிடக்கிறது. தெருவில் யாராவது குப்பை கொளுத்தினாலே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான்.

அன்று தீக்குள்ளிருந்து அவனை இழுத்து வந்தவன் கூட வேலை பார்த்த வாத்து. நடையைப் பார்த்து வைத்த பெயர். அதில் வாத்துவின் வலது கை வெந்துபோனது. அந்தக் கையைப் பார்க்கும் தைரியம் கணவனுக்கு இன்னும் வரவில்லை. வாத்து வரும்போதெல்லாம் மூடிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவான்.

இன்றாவது இருவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். அதற்குத்தான் இந்தப் பாடு.

“உங்க வாத்து வர்றாரு. புகையே இல்லாமத்தான் செய்யறேன்” என்று மூடிய கதவிடம் சொன்னாள்.

“அவனுக்குப் போடு. எனக்குப் பசிக்கல.”

மாலையில் தாளைப் பிரித்தாள். கறி பஞ்சாக வெந்திருந்தது. தக்காளி சாஸும் வினிகரும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சியதைப் பூசி, மறுபடி ஓவனுக்குள் வைத்து, நிறம் பிடிக்க மேல்சூட்டை முழுதாகத் திருகினாள். அதற்குள் வெளிக்கதவு சத்தம் கேட்டது.

வாசலில் நின்று வாத்து சட்டை மாற்றிக்கொண்டிருந்தான்.

“ஐயோ அண்ணி, திரும்பிக்குங்க! இப்போ கொதிகலன் பக்கத்துல வேலை. சட்டையெல்லாம் புகை நாத்தம். அண்ணனுக்கு ஆகாதேன்னுதான்…”

மாற்றியது முழுக்கைச் சட்டை. அந்தப் புழுக்கத்தில் எதற்கு முழுக்கை என்று அவளுக்குப் புரிந்தது. வலது மணிக்கட்டுப் பொத்தானோடு அவன் மல்லாடுவதைப் பார்த்து, கண் கலங்க அவளே போட்டுவிட்டாள்.

உள்ளே புகை அலாரம் அலறியது.

சர்க்கரை கருகிவிட்டது! அவள் ஓடுவதற்குள் அறைக்கதவு படாரென்று திறந்தது.

“ஏய்! எங்கடி இருக்க?”

இருமிக்கொண்டே கணவன் புகைக்குள் நுழைந்தான். ஓவனை அணைத்தான். அவளைக் காணாமல் மேசைக்கு அடியில்கூடக் குனிந்து தேடினான்.

“இங்க இருக்கேங்க! வாசல்ல நின்னுட்டேன்.”

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். வாத்து அலாரத்தை நிறுத்திவிட்டு, வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு எட்ட நின்றான்.

“அண்ணிக்குச் சமைக்க வராதுன்னு முன்னாடியே சொல்லியிருந்தா, சாப்டுட்டு வந்திருப்பேனேண்ணே.”

கணவன் சிரிக்கவில்லை. ஆனால் அறைக்கும் திரும்பவில்லை.

கருகியதைச் சீவிவிட்டு மேசையில் வைத்தாள். விலா எலும்பைக் கையால் எடுத்துத்தான் கடிக்க வேண்டும். வாத்து எடுத்த எடுப்பில் சாஸ் வழிந்து சட்டைக் கை நனைந்தது.

“மடிச்சு விட்டுக்கடா.”

“இருக்கட்டும்ணே. துவைச்சா போயிடும்.”

கணவன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நாற்காலியை நகர்த்திப் போய், பொத்தானைக் கழற்றி, மெல்ல முழங்கை வரை மடித்துவிட்டான். சுருங்கிப் பளபளத்த தோல் வெளியே தெரிந்தது. கணவன் பார்வையை எடுக்கவில்லை.

“வலிக்குதாடா?”

“வேர்த்தா அரிக்கும். அவ்வளவுதாண்ணே.”

கணவன் ஒரே ஒரு துண்டுதான் தின்றான், அதுவும் பாதி. கருகவிட்ட கடவுளுக்கு மனதுக்குள் நன்றி சொல்லிவிட்டு, அவள் மீதித் துண்டுகளை வாத்துவின் தட்டில் வைத்தாள்.