கன்னையா எடுத்த சிப்பாய்

ஜப்பான்காரன் காலம். மரவள்ளிக்கிழங்கே சோறாகிப்போன 1944. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் மன்றத்தில் நடந்த சதுரங்கப் போட்டிக்குப் பெயர் கொடுத்த ஒரே பெண் இராஜம்மா. “இவளுக்கு எதுக்கு இதெல்லாம்?” என்று கேட்டவர்கள், அவள் இறுதி ஆட்டத்துக்கு வந்ததும் வாயை மூடிக்கொண்டார்கள்.

அவள் கோப்பைக்காக வரவில்லை. எதிரே உட்காரப்போகும் கன்னையாவுக்காக வந்தாள். சயாம் ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆள் கேட்டபோது, பட்டறையில் ஆள் கணக்கு எழுதும் கிராணியான கன்னையா தன் மச்சானை ஒளித்துவைத்துவிட்டு அவள் கணவரைக் கைகாட்டினான். போனவர் காலராவில் செத்தார் என்ற செய்திதான் திரும்பி வந்தது.

கன்னையாவோடு அடிக்கடி ஆடியவர் அவர். “கிராணிக்கு ஆசை அதிகம். எடுத்த சிப்பாய விடவே மாட்டாரு லா,” என்று சொல்லி, அதற்கேற்ற தொடக்கம் ஒன்றை அவளுக்குக் காட்டியிருந்தார்.

இராஜம்மாவுக்கு வெள்ளைக் காய். ராணியின் முன்னிருந்த சிப்பாயை நகர்த்தினாள். கன்னையா எதிரே தன்னுடையதை நிறுத்தினான். அவள் பக்கத்துச் சிப்பாயை வெட்டுக்கு நீட்டினாள்.

“தானமா?” என்று சிரித்துக்கொண்டே எடுத்தான்.

எடுத்ததைக் காக்க அடுத்த சிப்பாயைத் தள்ளினான். அதைக் காக்க இன்னொன்றை. அவள் ஓரத்துச் சிப்பாயால் ஒன்றை வெட்டினாள்; அவன் பதிலுக்கு வெட்டினான். அவனுடைய மூலை யானையை நோக்கிக் குறுக்கே வழி திறந்தது. அவள் ராணியை அந்தக் கோட்டில் வைத்தாள்.

கன்னையாவின் சிரிப்பு நின்றது. யானையைக் காக்கக் குதிரையை நடுவில் வைத்தான்.

“செக்,” என்று குதிரையை வெட்டினாள்.

அதன்பின் அவள் அவசரப்படவில்லை. ஊரே பார்க்க ஒவ்வொரு காயாகப் பிடுங்கினாள். ராஜா மட்டும் மிஞ்சியபோது அவன் குரலைத் தாழ்த்தினான்.

“நான் என்னம்மா செய்யறது? ஆள் குடுக்கலன்னா என் தலைய எடுத்திருப்பான்.”

“உங்க தலை இருக்கு. உங்க மச்சான் தலையும் இருக்கு. தம்புசாமி தலைதான் இல்ல.”

கணவர் பெயரை அவள் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. கூட்டத்திலிருந்த மச்சான் தலைகுனிந்து வெளியேறினான். ராஜாவை மடக்கிவிட்டு இராஜம்மா எழுந்தாள்.

மறுநாள் முதல் கன்னையாவுக்கு எதிரே ஆட யாரும் உட்காரவில்லை. சேதி கேட்ட இராஜம்மாவுக்கு அது போதவில்லை.